அப்பாவின் பதினொரு கடிதங்கள்

போன பொங்கலுக்கு முன்பு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அம்மா தன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அப்பாவோடது. வேணுமான்னு பாரும்மா. இல்லேன்னா போட்டுடலாம்."

உள்ளே நான்கு ஃபிளாப்பி வட்டுகள். கணினியில் கோப்பைச் சேமிக்க அழுத்தும் பொத்தானில் சதுரமாக ஒரு படம் இருக்கிறதே, அதன் அசல். ஒவ்வொன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல படம்கூட அதில் அடங்காது. மேலே ஒட்டியிருந்த தாளில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: 'கடிதங்கள் 1 முதல் 11 வரை, 1998.'

அந்த ஆண்டு நான் மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். எனக்காக வாங்கிய கணினியை, நான் ஊரைவிட்டுப் போனதும் அவர் எடுத்துக்கொண்டார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்ற மாநாடு நடந்தது. கணினியில் தமிழ் எழுத வழி தேடிக்கொண்டிருந்தவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து இங்கே கூடினார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அப்பாவுக்கும் அந்தப் பித்துப் பிடித்துக்கொண்டது என்பார் அம்மா. நண்பர் ஒருவரிடம் ஒரு தமிழ் எழுத்துருவை வாங்கி வந்து, இரண்டு விரல்களால் தட்டித் தட்டி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எனக்கு ஒரு கடிதம் அடிப்பாராம்.

அது மின்னஞ்சலில் ஓர் இணைப்பாக எனக்கு வரும். எங்கள் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் அந்த எழுத்துரு கிடையாது. மாணவர்கள் அங்கே எதையும் நிறுவவும் கூடாது. தோழி ஒருத்தியின் சொந்தக் கணினியில் எழுத்துருவை ஏற்றி மூன்று கடிதங்களைப் படித்தேன். அவள் வேறு வீட்டுக்குப் போனதும் அதுவும் நின்றுபோனது. பரீட்சை நேரம் வேறு. ஒருநாள் தொலைபேசியில் அப்பாவிடம், "ஆங்கிலத்துலயே எழுதுங்களேன் அப்பா, எனக்குத் திறக்க மாட்டேங்குது" என்றேன்.

"சரிம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆங்கிலக் கடிதங்கள் தவறாமல் வந்தன. எல்லாரும் நலம். பணம் அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் படி. குளிருக்குச் சட்டை போட்டுக்கொள். அலுவலகக் குறிப்பு மாதிரி நான்கு வரி இருக்கும். அப்பா அதிகம் பேசாதவர், எழுதுவதும் அப்படித்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவோடுதான் 25 ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். அதற்குள் அப்பாவும் போய்விட்டார்.

ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி இப்போது எந்தக் கணினியிலும் கிடையாது. சிம் லிம் ஸ்குவேரில் தேடிப் பிடித்து ஒன்று வாங்கினேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கும் என் மகன் அதை மாட்டி வட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான். ஒரு வட்டு செத்துவிட்டது. மற்ற மூன்றும் திறந்தன. ஆனால் திரையில் வந்தது கடிதம் இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டு குறி, அரை, முக்கால் பின்னங்கள், கேள்விக்குறிகள்.

"இது கெட்டுப் போன கோப்பாம்மா?" என்றான்.

கெட்டுப் போகவில்லை. நான் ஒரு வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்பவள். என்ன நடந்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல, முதலில் எனக்கே கொஞ்சம் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று யாராவது ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். 1960களில் அமெரிக்காவில் போட்ட பட்டியலுக்கு ஆஸ்கி என்று பெயர். அதில் 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் அதற்குள் வசதியாக உட்கார்ந்துவிட்டன. 1969 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு இடையே இணையத்தின் முதல் செய்தி போனபோதும், 1993ல் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் உலாவி வந்து இணையத்தைப் படமும் எழுத்துமாக வீட்டுக்குள் கொண்டுவந்தபோதும், அடித்தளம் ஆங்கிலப் பட்டியல்தான். யாரும் தமிழை வேண்டாமென்று ஒதுக்கவில்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு பட்டியல் 256 இடங்களாக வளர்ந்தது. கூடுதலாகக் கிடைத்த 128 இடங்களுக்குள் தமிழை அடைக்க வேண்டும். நமக்கோ 247 எழுத்துகள். எனவே கால், கொம்பு என்று எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்து, கிடைத்த இடத்தில் செருகினார்கள். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வரிசையில் செருகினார்கள். ஒருவருடைய 'க' இருக்கும் எண்ணில் இன்னொருவருடைய 'பூ' இருக்கும். எழுத்துரு கூட இல்லாவிட்டால் கடிதம் வெறும் பவுண்டு குறியும் பின்னமும்தான்.

இதற்கு ஒரு தீர்வு காண நடந்த முயற்சியில் பெரும்பகுதி நம் ஊரில்தான் நடந்தது. இன்றைய இளையர்கள் பலருக்கு அது தெரியாது. என் மகனுக்கும் தெரியவில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு ஒன்று 1990களில் இயங்கியது. அதை நடத்தியவர் பேராசிரியர் டான் டின் வீ. அவர் படித்ததும் கற்பித்ததும் உயிர்வேதியியல். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்தார் நா. கோவிந்தசாமி. சிறுகதையாசிரியர், நாவலாசிரியர், 1994ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். ஓர் உயிர்வேதியியல் பேராசிரியரும் ஒரு தமிழ் ஆசிரியரும் சேர்ந்தார்கள். கோவிந்தசாமி 'கணியன்' என்ற பெயரில் தமிழ் எழுத்துரு முறையையும் விசைப்பலகை முறையையும் உருவாக்கினார். சங்கக் கவிஞர் பூங்குன்றனாரின் பெயரில் முன்னால் நிற்கும் அதே சொல்.

1995 அக்டோபரில், அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையப் பக்கம் ஒன்றைத் தொடங்கி வைத்தார். நான்கு அதிகாரத்துவ மொழிகளின் கவிதைகளும் அதில் இருந்தன. இணையத்தில் தமிழ் ஏறிய முதல் பக்கங்களில் அதுவும் ஒன்று. அப்போது உலாவிகளும் இயங்குதளங்களும் தமிழைக் கண்டுகொள்ளாத காலம். சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி எழுத்துருவையும் விசைப்பலகையையும் தரப்படுத்தியது 1999ல். விண்டோஸ் தமிழை முறையாகக் காட்டத் தொடங்கியது 2000ல். எல்லா மொழிக்கும் தனித்தனி இடம் தரும் யுனிகோடு பட்டியலில் 1991லேயே தமிழ் இருந்தும், அது மேசைக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆனது. அப்பா கடிதம் அடித்தது இந்த இடைவெளியில்தான்.

இதையெல்லாம் சொன்னதும் மகனுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க அவனுக்கு உதவியவர் அம்மா.

"முதல் வரி என்னன்னு எனக்குத் தெரியும்யா. 'அன்புள்ள மகளுக்கு'ன்னுதான் இருக்கும். அவர் வேற மாதிரி எழுத மாட்டார்."

அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எந்தக் குறி எந்த எழுத்து என்று அவன் ஒரு பட்டியல் போட்டான். பழைய எழுத்துருக்களை யுனிகோடுக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பொருந்தியது. ஒரு நொடியில் திரை முழுவதும் தமிழ். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்பது கடிதங்கள் கிடைத்தன. ஏழாவதும் எட்டாவதும் செத்துப்போன வட்டோடு போய்விட்டன.

என் அப்பா அதிகம் பேசாதவர் இல்லை. கடிதங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வடகிழக்கு ரயில் பாதை வருகிறதாம், தேக்காவுக்குள் நுழைவதற்குள் செருப்பெல்லாம் சேறு என்று ஒரு கடிதம். அந்த ரயிலில்தான் 2003லிருந்து நாம் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குகிறோம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா பெருநாளுக்குக் கொடுத்த கெத்துப்பாட், அதற்குப் பதிலாக அம்மா தீபாவளிக்கு அனுப்பிய முறுக்கு கருகிப் போனது, அதற்கு நடந்த சண்டை. இன்னொன்றில் இப்படி எழுதியிருந்தார்: "கணினியில் முதலில் அடித்தது உன் பெயரைத்தான். 'ழ' எங்கே இருக்கிறது என்று தேடவே பத்து நிமிடம் ஆனது. உன் பெயரில் ழகரம் வைத்தது என் தப்பு."

கடைசிக் கடிதத்தில் அவருடைய அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து, படிக்கத் தெரியாமல், சிராங்கூன் ரோட்டில் கடிதம் எழுதித் தருபவரிடம் காசு கொடுத்து ஊருக்குக் கடிதம் எழுதுவாராம். "அடுத்தவன் கையால் எழுதும்போது மனசில் உள்ளதை எப்படிச் சொல்வது? நலம், பணம் அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான் எழுத முடியும். நீ படித்தவள். நாம் அப்படி எழுத வேண்டியதில்லை."

இதை எழுதிய அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோதான் நான் அவரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு அவரும் எனக்கு 'நலம், பணம் அனுப்பியிருக்கிறேன்' என்றுதான் எழுதினார்.

அம்மா படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முறுக்கு ஒண்ணும் கருகல. லேசாச் சிவந்துபோச்சு, அவ்வளவுதான்" என்றார்.

தப்பு என்னுடையதா, எழுத்துருவினுடையதா என்று பல நாள் யோசித்தேன். இரண்டும்தான். ஆனால் வேறொன்றும் புரிந்தது. ஒரு தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தில் பிறக்கும்போது நம் மொழி அங்கே இல்லாவிட்டால், பிறகு சேர்க்க முடியாது என்று இல்லை. சேர்க்கலாம். ஆனால் காலம் பிடிக்கும். அந்தக் காலத்துக்குள் மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். தங்களை மாற்றிக்கொண்டு விடுவார்கள்.

இணைய முகவரிகளின் கதையும் அப்படித்தான். முகவரியை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது இணையத்தின் பழைய வழக்கம். 1998ல் டான் டின் வீயின் குழு, தமிழ், சீனம் முதலிய எழுத்துகளிலேயே முகவரி அடிக்கும் வழியைத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கியது. நாம் தமிழில் அடிப்பதைக் கணினி தனக்குப் புரியும் ஆங்கிலக் குறியீடாக உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும். இன்றும் அந்த ஏற்பாடுதான். அது உலகத் தரமாகி, நாடுகளின் பெயர்கள் அவரவர் எழுத்தில் வரத் தொடங்கியது 2010ல். '.சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் முகவரி வந்தது 2011ல். '.இந்தியா', '.இலங்கை' ஆகியவையும் இன்று உண்டு. 2012ல் டான் டின் வீயின் பெயர் இணையப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது. நா. கோவிந்தசாமி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1999 மே மாதமே காலமாகிவிட்டார். வழி இருந்தும், '.சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் முகவரியை நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது அடித்திருக்கிறோம்? பதின்மூன்று ஆண்டுகளில் நம் விரல்கள் ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டன.

இதையெல்லாம் பழங்கதை என்று வைத்துவிட்டிருப்பேன். ஆனால் சில வாரங்களுக்கு முன்பு வரவேற்பறையில் ஒன்று நடந்தது.

மகனுக்குக் கல்லூரியில் ஒரு திட்டப்பணி. பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் தமிழை எவ்வளவு புரிந்துகொள்கின்றன என்று சோதிக்க வேண்டும். பாட்டியைப் பிடித்து உட்கார வைத்தான். அம்மா கைப்பேசியைப் பார்த்துப் பேசினார்: "காலையில தேக்காவுல மீன் வாங்கி, அப்படியே சாப்பாடு தபாவ் பண்ணிட்டு வந்துட்டேன்."

திரையில் வந்தது: "காலையில் தேர்க்கால் மீன் வாங்கி அப்படியே சாப்பாடு தவம் பண்ணிட்டு வந்துட்டேன்."

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அம்மாவும் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் பேசினார். இந்தத் தடவை வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி. "நான் இன்று காலை சந்தைக்குச் சென்று மீன் வாங்கினேன்." ஒரு பிழையும் இல்லாமல் திரையில் வந்தது. அம்மாவுக்குப் பெருமை. "பாத்தியா, இப்படிப் பேசினா அதுக்குப் புரியுது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தேக்கா போய்விட்டது. தபாவ் போய்விட்டது. பாட்டிக்குப் பதிலாக வேறு யாரோ பேசியது போல இருந்தது. "சரிம்மா" என்று அப்பா தொலைபேசியில் சொன்ன குரல் காதில் கேட்டது.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் உருவாகிக்கொண்டிருப்பது மனிதர் பேசுவதையும் எழுதுவதையும் புரிந்துகொள்ளும் இயந்திரங்கள். அவற்றுக்கு இனி பட்டியல் போட்டுக் கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான சொற்களைக் காட்டித் தானாகக் கற்றுக்கொள்ள விடுகிறார்கள். அங்கேயும் பழைய சிக்கலின் நிழல் இருக்கிறது. யுனிகோடில் 'அம்மா' என்ற சொல் ஐந்து குறிகள். இணையத்தில் பரவலாக உள்ள முறையில் சேமித்தால் 15 பைட். ஆங்கிலத்தில் அதே பொருள் தரும் 'மதர்' என்ற ஆறெழுத்துச் சொல்லுக்கு 6 பைட் போதும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த மொழி மாதிரிகள் பல, தமிழ்ச் சொற்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கித்தான் படிக்கின்றன. துண்டுகள் கூடக் கூட நேரமும் செலவும் கூடும்.

இந்த முறை நாம் முழுவதுமாக வெளியே நிற்கவில்லை. தேசியப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏஐ சிங்கப்பூர், 2023 டிசம்பரில் 'சீ-லயன்' என்ற மொழி மாதிரியை வெளியிட்டது. தென்கிழக்காசியாவுக்கென்று செய்யப்பட்ட அதன் 11 மொழிகளில் தமிழும் ஒன்று. 1995ல் நடந்ததைப் போல, கதவு இங்கே திறந்துதான் இருக்கிறது.

ஆனால் இயந்திரம் கற்க வேண்டிய தமிழ் எங்கிருந்து வரும்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. அந்தக் கொஞ்சம் பேரும் இயந்திரத்திடம் ஆங்கிலத்திலோ செய்தித் தமிழிலோ பேசினால், தேக்காவும் தபாவும் அதன் காதில் விழவே விழாது. அதற்கு வேண்டியவர்கள் கணினி வல்லுநர்கள் மட்டும் இல்லை. கோவிந்தசாமியைப் போல மொழி தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். என் அம்மாவைப் போல, பேச்சில் ஊர் இருக்கும் பாட்டிகளும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், இங்கே என் பாட்டியின் தமிழ் இல்லையே என்று கூட்டத்தில் ஒருமுறை கையைத் தூக்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கும் வேலையைத் தேசிய நூலகமும் தமிழ்ச் சமூகமும் சேர்ந்து 2015ல் செய்து முடித்தார்கள். நூல்கள் தப்பிவிட்டன. பிஸ்கட் டின்களில் இருப்பவை தப்புவதற்கு அவரவர் வீட்டில் யாராவது ஒருவர்தான் உட்கார வேண்டும். ஃபிளாப்பி இருந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். வட்டுகள் ஒவ்வொரு வருடமும் செத்துக்கொண்டிருக்கின்றன.

அன்று மகனிடம் சொன்னேன்: "பாட்டியை மாத்திப் பேசச் சொல்லாதே. அவங்க பேசுறதை அப்படியே பதிவு பண்ணு. அதுக்குப் புரியலைன்னா, புரியலைன்னே உன் அறிக்கையில எழுது."

இப்போது சனிக்கிழமை மாலைகளில் பாட்டியும் பேரனும் பதிவுக்கு உட்காருகிறார்கள். அம்மா பேசுவார். இயந்திரம் எழுதியதைப் பேரன் ஒவ்வொரு சொல்லாகத் திருத்துவான். சந்தேகம் வந்தால் பாட்டியிடம் கேட்பான். போன வாரம் அந்தக் கருகிய முறுக்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாட்டி, 'கருகிப் போச்சு'ன்னு போடவா?"

"சிவந்துபோச்சுன்னு போடு" என்றார் அம்மா.